பட்டியலில் இரண்டு பகவதி

மழை விட்டுச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. சேரியின் கடைசி வீட்டு முற்றத்தில் ஒரு பனந்தடித் துண்டின் மேல் உட்கார்ந்திருந்தேன். மடியில் ஒரு பலகை, அதன் மேல் வாக்காளர் பெயர் எழுதும் படிவம். கூரை ஓலையிலிருந்து சொட்டு விழுந்து மை கலையாமலிருக்க இடது கையில் குடையைப் பிடித்தபடி எழுதிக்கொண்டிருந்தேன்.

சுதந்திரம் வந்து மூன்று வருஷம் இருக்கும். எனக்கு இருபத்து மூன்று வயது, ஆரம்பப் பள்ளி வாத்தியார். வரப்போகிற பொதுத்தேர்தலுக்காக வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதும் வேலையை வாத்தியார்களிடம் கொடுத்திருந்தார்கள். எனக்கு என் சொந்த ஊரே கிடைத்தது. பழையாற்றுக் கால்வாய் பாயும் நாஞ்சில் நாட்டு நெல்வயல் கிராமம்.

முதல் வரியில் வீட்டுக்காரன் பெயரை எழுதினேன். மாடன். எங்கள் வயலில் ஏர் பூட்டுகிறவன். அடுத்த வரி அவன் மனைவிக்கு. அவளும் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் வீட்டு வேலைக்காரிதான். நாற்று நடுவாள், களை பறிப்பாள், தொழுவில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுவாள். பேசப் பழகிய நாள் முதல் நான் கூப்பிட்டுவந்த பெயரை அவளிடமே எதற்குக் கேட்க வேண்டும்? தவுட்டி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே 'தவு' வரை எழுதிவிட்டு அடுத்த எழுத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனேன்.

"ஏமானே, அது எனக்க பேரு இல்ல" என்றாள்.

எஜமான் என்பதைத்தான் எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வார்கள். அந்த வார்த்தை வேண்டாம் என்று நான் சேரியில் பலமுறை சொல்லியிருந்தேன். யாரும் விடவில்லை.

"பின்ன என்ன பேரு?"

அவள் முற்றத்தைத் தாண்டி வயல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"பகவதி."

அது என் அம்மையின் பெயர்.

வாசலில் அவள் மகள் செல்லம் மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வயதுப் பெண். அவள் கத்தியை அப்படியே நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"அம்மா, ஒனக்கா? ஒனக்க பேரா?"

பெற்ற மகளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தப் பெண்ணின் முகம் எனக்கு இப்போதும் நன்றாக நினைவிருக்கிறது. அதில் சந்தோஷமோ துக்கமோ இல்லை. தன் வீட்டுக்குள் இத்தனை நாளும் வேறு யாரோ ஒருத்தி இருந்ததைக் கண்டுபிடித்தவள் போல அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் காரணம் கேட்டேன். அவள் சொன்னது கொஞ்சம்தான். பிள்ளையில்லாமலிருந்த அவள் அப்பன் மண்டைக்காட்டுப் பகவதியம்மனிடம் நடந்துபோய், கோயிலுக்குள் போக முடியாத அந்தக் காலத்தில் கடற்கரை மணலிலேயே நின்று கும்பிட்டு நேர்ந்துகொண்டானாம். அதனால் பிறந்த பிள்ளைக்கு அம்மன் பெயரை வைத்தான். அவள் மாடனைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்த வருஷம்தான் என் அம்மையும் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தாள். வீட்டு அம்மைக்கும் வயல்காரிக்கும் ஒரே பெயர் இருக்கக் கூடாது என்று மாற்றிவிட்டார்கள்.

யார் மாற்றினார்கள் என்று கேட்டதற்கு அவள் கூரை சொட்டும் இடத்தில் ஒரு சட்டியை நகர்த்திவைத்தாள்.

வால் வெட்டிய கதை

வாசகசாலையைப் பற்றி இந்தத் தொடரில் சென்ற வாரம் எழுதியிருந்தேன். கோட்டாறில் ஒரு பலசரக்குக் கடையின் மாடியில் இரண்டு பெஞ்சுகள், ஒரு பத்திரிகை மேசை. மிளகாய் வற்றல் நெடி மாடி வரைக்கும் ஏறிவரும். தும்மிக்கொண்டே நாங்கள் உலகத்தைச் சீர்திருத்துவோம்.

அங்கே எனக்கு உயிர்ச் சிநேகிதன் சாமுவேல். கிறிஸ்தவக் குடும்பம், என்னைப் போலவே வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை அவன் கோயிலுக்குப் போய்வந்த பிறகு இருவரும் சைக்கிளில் சிதறால் மலை வரைக்கும் போவோம். பாறையில் செதுக்கியிருக்கும் சமணத் துறவிகளுக்கு முன்னால் உட்கார்ந்து, கடவுள் உண்டா இல்லையா என்று தொண்டை வறளப் பேசுவோம். அதில் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. ஆனால் மனிதனுக்கு மனிதன் தாழ்ந்தவனில்லை, அதைச் சொல்ல எந்த வேதமும் தேவையில்லை என்பதில் இருவருக்கும் ஒரே கருத்துதான்.

ஒரு மாலையில் வாசகசாலை நண்பர்கள் ஐந்து பேர், பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்த சாதியை இனிப் போடுவதில்லை என்று முடிவு செய்தோம். எழுந்து நின்று ஒவ்வொருவராக அறிவித்தோம். நான் 'பிள்ளை'யை விட்டேன். கூட்டம் கை தட்டியது. கடைக்காரர்கூட மேலே வந்து எனக்குக் கை கொடுத்தார். அன்று வீட்டுக்குச் சைக்கிள் மிதித்தபோது நான் தரையிலேயே இல்லை.

என் பெயரிலிருந்து நானாகவே ஒரு துண்டைக் கழற்றிவைத்ததற்கு அத்தனை கைதட்டல். எங்கள் தொழுவில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவளின் பெயரை முழுசாகவே பிடுங்கியிருந்தார்கள். அது எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவும் இல்லை. என் அம்மை வயசுக்காரியை நான் பேசத் தொடங்கிய நாளிலிருந்து 'ஏட்டி தவுட்டி' என்றுதான் கூப்பிட்டேன்.

படிவம் எழுதப் போன அன்று காலையில் சேரி முகப்பில் நின்று ஒரு சின்னப் பிரசங்கமும் செய்திருந்தேன். அரண்மனையில் இருப்பவருக்கும் ஒரு வோட்டுதான், உங்களுக்கும் ஒரு வோட்டுதான். பெண்களும் தங்கள் பெயரைத் தாங்களே சொல்ல வேண்டும், இன்னார் பெண்டாட்டி என்று எழுதினால் செல்லாது என்றேன். அதை நம்பித்தான் அவள் சொல்லியிருக்கிறாள். இருபத்து நாலு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக.

நான் என்ன செய்தேன் தெரியுமா? 'தவு' என்று எழுதியதை அடித்தேன். பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. நாளைக்கு வந்து எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிப் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்தேன்.

அவள் அந்தப் பையைப் பார்த்தாள்.

அப்பா சொன்னது

அப்பாவைப் பற்றி வாசகர்கள் தப்பாக எண்ணிவிடக் கூடாது. சமஸ்தானத்துக் கோயில்களை எல்லாச் சாதிக்கும் திறந்துவிட்டபோது நான் சிறுவன். ஊர்ப் பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். அப்பாதான் எங்கள் ஊர்க் கோயில் நடையில் நின்று, வருகிறவர்களை யாரும் தடுக்கக் கூடாது என்று சொன்னவர். வீட்டுக்குப் பத்திரிகை வரவழைத்தவரும் அவர்தான். நான் 'பிள்ளை'யை விட்டுவிட்டேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னபோது சிரித்துக்கொண்டே, உன் பேரு உன் இஷ்டம் என்றார். என் கொள்கைகளுக்கெல்லாம் அவரே மூலம் என்று நினைத்திருந்தேன்.

அன்று மத்தியானம் அவர் சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்வரை காத்திருந்து கேட்டேன். தவுட்டியின் பெயரை மாற்றியது யார்?

அவர் கொஞ்சமும் தடுமாறவில்லை. அதுதான் எனக்கு முதல் அடி.

"நான்தான்" என்றார். "வீட்டுக்கு வந்த பெண்ணுக்க பேரை வயக்காட்டுல நிண்ணு ஏட்டிண்ணு கூப்பிடுவானுவ. கேக்க நல்லாவா இருக்கும்? அண்ணைக்கு அவ கையில தவுட்டுக் கூடை இருந்து. தவுட்டிண்ணு சொன்னேன். அப்படியே நிலைச்சிட்டு."

இவ்வளவுதான். மாட்டுக்கு வைக்கும் தவிட்டைக் கையில் வைத்திருந்தாள் என்பதற்காக ஒரு மனுஷிக்கு அந்தப் பெயர். அன்று அவள் கையில் சாணிக் கூடை இருந்திருந்தால் என்ன பெயர் வந்திருக்கும் என்று என் மனம் ஓடியது.

பட்டியலில் அவள் சொன்ன பெயரை எழுதப்போகிறேன் என்றேன். அப்பா வெற்றிலைச் செல்லத்தை மூடினார். கோபப்படவில்லை. ஊருக்குத் தெரிந்த பெயரை எழுதுவதுதான் முறை, இல்லாவிட்டால் குழப்பம் வரும் என்று பொறுமையாக விளக்கினார். நாலு பேர் நிற்கிற இடத்தில் ஒரு கிளார்க்கு உன் அம்மை பெயரைக் கூப்பிடுவான், அதற்கு மாடன் பெண்டாட்டி எழுந்து வருவாளா என்று கேட்டார்.

அடுக்களை நிலைப்படியில் அம்மை நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு இது தெரியாது என்றே எண்ணியிருந்தேன்.

அப்பா எழுந்து போன பிறகு அவள் மெல்லச் சொன்னாள். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள் முற்றத்திலிருந்து யாரோ "பகவதி" என்று கூப்பிட்டார்களாம். அம்மை உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். தொழுவிலிருந்து இன்னொரு குரலும் கேட்டது. எட்டிப் பார்த்தால் அவளைப் போலவே கழுத்தில் புது மஞ்சள் கயிற்றோடு ஒரு பெண். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள்.

"எனக்கு இங்க வந்து மொதல்ல சிரிப்பு வந்தது அண்ணைக்குத்தான் மக்கா. மறுநாளே பேரை மாத்திட்டாரு."

"நீங்க ஒண்ணும் சொல்லல்லியா அம்மை?"

"பதினாறு வயசு எனக்கு" என்றாள்.

சாமுவேல் கேட்ட கேள்வி

அன்று சாயங்காலமே கோட்டாறுக்குப் போனேன். சாமுவேலை வாசகசாலை மாடிப்படியில் பிடித்து உட்காரவைத்து எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பாவைப் பற்றி, அம்மையின் மௌனத்தைப் பற்றி, சமூகத்தின் கொடுமையைப் பற்றி நீளமாகப் பேசினேன். அவன் குறுக்கிடாமல் கேட்டான்.

கடைசியில் கேட்டான். "அவியகிட்டப் பேரைக் கேட்டே. சொன்னாவ. நீ எழுதினியா?"

இல்லை என்றேன்.

"பின்ன எதுக்கு இங்க வந்தே?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மாடிப்படியை விட்டு இறங்கி வந்துவிட்டேன். மறுநாள் விடிந்ததும் சேரிக்குப் போனேன். அவள் வீட்டில் இல்லை, தண்ணீருக்குப் போயிருந்தாள். செல்லம் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பனந்தடியில் உட்கார்ந்து 'பகவதி, கணவர் மாடன்' என்று எழுதினேன். செல்லத்துக்கு இரண்டு வகுப்புப் படிப்பு உண்டு. ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தாள். விரலை எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

கூப்பிடாத வீடு

கும்பப்பூ என்று நாங்கள் சொல்லும் இரண்டாம் போக நடவு தொடங்கியது. வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரப்பில் வந்துகொண்டிருந்த நான் நின்று பார்த்தேன். அவள் இல்லை.

காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். மறுநாளும் இல்லை. மாடன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, உழுத வயலைச் சமன்படுத்த மரமடித்துக்கொண்டிருந்தான். பெண்களில் ஒருத்தி சொன்னாள், அவளைக் கூப்பிட வேண்டாம் என்று பெரிய ஏமான் சொல்லிவிட்டாராம். அவள் விடியுமுன் எழுந்து நாலு மைல் நடந்து வேறொரு ஊருக்கு நடவுக்குப் போகிறாளாம்.

அப்பாவிடம் போய் நின்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவர் பத்திரிகையிலிருந்து கண்ணை எடுத்து, அவளை நான் அடித்தேனா, ஏசினேனா என்று கேட்டார். கூப்பிடவில்லை, அவ்வளவுதான். யாரைக் கூப்பிடுவது என்பது வயலுக்குச் சொந்தக்காரன் விருப்பம்.

கோயில் நடையில் நின்ற அதே மனுஷன். அதே அமைதியான குரல். அன்று எனக்குக் கோபத்தைவிடப் பயமே அதிகமாக இருந்தது. அக்கிரமம் செய்கிறவன் மீசையை முறுக்கிக்கொண்டு கத்துவான் என்றுதான் எங்கள் வாசகசாலைப் பேச்சுகளில் நாங்கள் கற்பனை செய்துவைத்திருந்தோம். அது கண்ணாடி போட்டுக்கொண்டு பத்திரிகை படிக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

நான் கோட்டாறில் ஒரு அறை எடுத்துத் தங்கப் போனேன். பெரிய தியாகம் என்று அப்போது நினைப்பு. அவளுக்கு அதனால் ஒரு அடி நடை குறையவில்லை.

பெண்கள் வரிசை

தேர்தல் நாளில் எனக்கு வேறு ஊரில் வேலை போட்டிருந்தார்கள். எங்கள் ஊர்ச் சாவடியில் வேலைக்கு வந்தவன் சாமுவேல். நடந்ததை அவன்தான் எனக்குச் சொன்னான். பிறகு செல்லமும் சொன்னாள். இரண்டு பேர் சொன்னதிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

பள்ளிக்கூடக் கட்டடம்தான் சாவடி. ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. வெளுத்த சேலை உடுத்து, தலை வாரி வந்திருந்தாள் அவள். மேசைக்கு முன்னால் வந்ததும் சாமுவேல் பெயரைக் கேட்டான். சொன்னாள். பட்டியலில் இருந்தது.

வேட்பாளர் ஒருவருக்காக அங்கே உட்கார்ந்திருந்தவர் என் அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி, எனக்குச் சித்தப்பா முறை. அவர் கையைத் தூக்கினார். அப்படி ஒரு ஆள் சேரியில் இல்லை, பகவதி என்றால் பெரிய வீட்டு அம்மை ஒருத்திதான், இவள் பெயர் தவுட்டி, ஊருக்கே தெரியும் என்றார். பெயர் எழுத வந்த எங்கள் வீட்டுப் பையன் செய்த கோளாறு இது என்றும் சொன்னார்.

சாவடி அதிகாரி வெளியூர்க்காரர். இவளைத் தெரிந்தவர் யாராவது சொல்லுங்கள் என்றார். ஆண்கள் வரிசையில் மாடன் நின்றான். அவனை அழைத்து, உன் மனைவி பெயர் என்ன என்று கேட்டார்.

மாடனுக்கு நாலு ஆள் முன்னால் என் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

மாடன் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்ததாம். சாமுவேலுக்கு உண்மை தெரியும். ஆனால் தேர்தல் வேலையில் உட்கார்ந்திருப்பவன் சாட்சி சொல்ல முடியாது. வரிசையில் இருந்த அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். அவள் மட்டும் நிமிர்ந்தே நின்றாள் என்று சாமுவேல் சொன்னான்.

அப்போது பெண்கள் வரிசையின் பின்பக்கத்திலிருந்து என் அம்மை முன்னால் வந்தாள். பொது இடத்தில் அவள் குரலை அதுவரை யாரும் கேட்டதில்லை.

"அவ பேரு பகவதிதான்" என்றாள். "எனக்க பேரும் அதுதான். ரெண்டு பேரும் ஒரே வருஷம் இந்த ஊருக்குக் கெட்டிக்கிட்டு வந்தோம்."

அண்ணியைப் பார்த்துச் சித்தப்பா எழுந்து, "மயினி, நீங்க சும்மா இருங்க" என்றார்.

"இருபத்தஞ்சு வருஷம் சும்மாத்தான் இருந்தேன்" என்றாள் அம்மை.

ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கக் கூடாது என்று சட்டம் ஒன்றுமில்லை என்று அதிகாரி சொன்னார். பகவதியின் விரலில் மை வைத்தார்கள். அவள் சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போனாள். அம்மை தன் முறை வரும்வரை மறுபடியும் போய் வரிசையின் கடைசியில் நின்றாள்.

அப்பா வரிசையை விட்டு விலகி வோட்டுப் போடாமலே வீட்டுக்கு நடந்தார். ஒரு மாதம் அம்மையோடு அவர் பேசவில்லை. அடுத்த அறுப்புக்கு அம்மையே சேரிக்கு ஆள் விட்டுப் பகவதியைக் கூப்பிட்டாள். அப்பா தடுக்கவில்லை. ஆனால் சாகும்வரை அவளை அவர் எந்தப் பெயராலும் குறிப்பிட்டதில்லை. 'மாடன் பெண்டாட்டி' என்றுதான்.

ஒரு சொல்

இத்துடன் இந்த அத்தியாயத்தை முடித்திருந்தால் எனக்குக் கௌரவமாக இருக்கும். ஆனால் இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது.

அறுப்பு நடந்துகொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில் ஊருக்குப் போயிருந்தேன். புது வைக்கோல் வாசனை காற்றெல்லாம். அவள் கதிர்க்கட்டை இறக்கிவைத்துவிட்டு வரப்பில் எதிரே வந்தாள். அவளை எப்படிக் கூப்பிடுவது என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் பிரச்சினையாயிற்று. வெறுமனே பகவதி என்றால் அதுவும் மரியாதையில்லை. எங்கள் தெருவில் அந்த வயசுப் பெண்கள் எல்லாரும் எனக்குச் சித்தியோ அத்தையோ அக்காவோதான். நாக்கு புரள மறுத்தது. ஒருவழியாகச் சொன்னேன்.

"பகவதியக்கா, சௌக்கியமா?"

அவள் நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சாதாரணமாக, அண்டை வீட்டுக்காரி கேட்பது போலக் கேட்டாள்.

"சௌக்கியம்தான் மக்கா. நீ சாப்பிட்டியா?"

மக்கா. நீ. ஏமானும் இல்லை, நீங்களும் இல்லை. எத்தனையோ வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். மேடையில் நின்று கேட்டது, சிதறால் பாறையில் உட்கார்ந்து சாமுவேலோடு கனவு கண்டது, எல்லாம் இதுதான்.

அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்குச் சுருக்கென்றது.

நெஞ்சுக்குள் எங்கேயோ ஒரு முள் குத்திய மாதிரி. ஒரே ஒரு கணம். இவள் என்னை நீ என்றா சொல்கிறாள்? வேறு யாரும் இல்லை, நானேதான் அப்படி நினைத்தேன். சாப்பிட்டாச்சு அக்கா என்று பதில் சொல்லும்போது என் முகத்தில் சிரிப்பு இருந்தது. அவள் தலையசைத்துவிட்டுக் களத்துக்குப் போய்விட்டாள். நான் வரப்பிலேயே நின்றேன்.

அவள் அதைக் கவனித்தாளா என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு அவள் இருந்த காலமெல்லாம் என்னை அப்படித்தான் கூப்பிட்டாள். நாளாக ஆக அந்தச் சுருக்கு மழுங்கி, பிறகு இல்லாமலே போனது. ஆனால் முதல் நாள் அது வந்தது என்பதைச் சாமுவேலிடம்கூட நான் சொன்னதில்லை. இன்றுதான் எழுதுகிறேன்.